249 கிராம்

தை மாத முகூர்த்தம். மாப்பிள்ளை அழைப்பு தெருமுனை திரும்பும்போது நாதஸ்வரத்துக்கு மேலே இன்னொரு ஒலி கேட்டது. தேன்கூட்டைத் தலைக்கு மேல் யாரோ கலைத்துவிட்ட மாதிரி ஓர் இரைச்சல். "ஹெலிகேம் வந்துடுச்சு" என்று பிள்ளைகள் ஓடினார்கள். வீடியோக்காரத் தம்பி ரிமோட்டைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்து, மின்கம்பிக்கும் வேப்பமரத்துக்கும் நடுவே அதை நகர்த்திக்கொண்டிருந்தார். பந்தியில் அவர் பக்கத்தில் இடம் கிடைத்தது. "இதுக்குப் பதிவு எண் வாங்கியாச்சா தம்பி?" என்று கேட்டேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "இது 249 கிராம் சார். 250-க்குக் கீழே இருந்தா ஒண்ணுமே வேண்டாம்னு கடையிலயே சொல்லிட்டாங்க."

அவர் சொன்னதில் முக்கால் பங்கு சரி. மீதிக் கால் பங்கில்தான் வில்லங்கம் இருக்கிறது.

இந்தியாவில் இன்று நடப்பில் இருப்பது 2021 ஆகஸ்ட் 25 அன்று அரசிதழில் வெளியான ட்ரோன் விதிகள். அவை ட்ரோன்களை எடையால் ஐந்து வகையாகப் பிரிக்கின்றன. 250 கிராம் வரை நேனோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது, 150 கிலோ வரை நடுத்தரம், அதற்கு மேல் பெரியது. நேனோவுக்குச் சலுகைகள் நிறைய. ஓட்டுபவருக்கு விமானிச் சான்றிதழ் தேவையில்லை, ட்ரோனின் மாடலுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை, மூன்றாம் நபர் காப்பீடும் தேவையில்லை. ஆனால் தனித்த அடையாள எண் இல்லாமல் எந்த ட்ரோனையும் இயக்கக் கூடாது என்று சொல்லும் விதியில் நேனோவுக்கு விலக்கு எதையும் காணோம். மற்ற மூன்றிலிருந்தும் தப்பித்தது இந்த ஒன்றில் மாட்டிக்கொள்கிறது. இன்னொன்றும் உண்டு. விதி பேசுவது, சுமையையும் சேர்த்து ட்ரோன் எழும்பும்போது இருக்கும் மொத்த எடையை. தம்பி தன் ட்ரோனில் விசிறிகளைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் மாட்டியிருந்தார். இரவுப் படப்பிடிப்புக்காக ஒரு சின்ன விளக்கையும் ஒட்டியிருந்தார். இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்த காரியங்கள். இரண்டும் சேர்ந்து அவருடைய ட்ரோனை நேனோவிலிருந்து மைக்ரோவுக்குத் தள்ளிவிட்டன. கல்யாணத்துக்குக் கூலி வாங்கிப் பறப்பது வணிகப் பயன்பாடு. அதனால் மைக்ரோவாகிவிட்ட அந்த நொடியிலிருந்து விமானிச் சான்றிதழ், வகைச் சான்றிதழ், காப்பீடு என்று எல்லாமே தேவை.

இந்த 250 எங்கிருந்து வந்தது?

2015 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் கூட்டாட்சி விமான நிர்வாகம் ஒரு பணிக்குழுவை அமைத்தது. கிறிஸ்துமஸ் பரிசாக லட்சக்கணக்கான ட்ரோன்கள் விற்பனையாகப் போகின்றன, அதற்குள் எவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள் என்பது உத்தரவு. குழு நவம்பரில் அறிக்கை கொடுத்தது. கணக்கு இதுதான்: மேலேயிருந்து விழும் பொருள் 80 ஜூல் ஆற்றலோடு ஒரு மனிதரின் தலையில் மோதினால், அவர் இறப்பதற்கான வாய்ப்பு 30 சதவீதம். ட்ரோன் போன்ற ஒரு பொருள் விழும்போது அடையும் உச்ச வேகத்தை நொடிக்கு 25 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 80 ஜூலுக்கு ஈடான எடை ஏறத்தாழ 250 கிராம். நம் பள்ளிக்கூட இயற்பியல்தான். பத்தாம் வகுப்பு மாணவி போட்டுப் பார்க்கலாம். அடுத்து, கீழே ஆள் இருக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டார்கள். சதுர மைலுக்கு 10,000 பேர் வசிக்கும் இடம், அவர்களில் ஐந்தில் ஒருவர் வெட்டவெளியில் இருப்பார், ட்ரோன் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகும் என்று வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் பெருக்கிப் பார்த்தபோது, 250 கிராம் ட்ரோனால் இரண்டு கோடி பறப்பு மணி நேரத்துக்கு ஒரு மரணம்கூட நேராது என்று விடை வந்தது. அந்த அளவுக்குக் கீழே இருப்பதைப் பதிவிலிருந்து விட்டுவிடலாம் என்றார்கள். 2015 டிசம்பர் 21 முதல் அமெரிக்காவில் பதிவு கட்டாயமானது. பிறகு 250 என்ற எண் உலகம் சுற்றக் கிளம்பியது. ஐரோப்பிய விதிகளில் அது இருக்கிறது, பிரிட்டனில் இருக்கிறது, 2018-ல் வெளியான இந்திய விதிகளிலும் வந்து உட்கார்ந்தது.

சதுர மைலுக்கு 10,000 பேர் என்றால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 3,860 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டரில் வசித்தவர்கள் 26,000-க்கும் மேல். கிட்டத்தட்ட ஏழு மடங்கு. ஐந்தில் ஒருவர்தான் வெளியில் இருப்பார் என்ற அனுமானத்தை ரங்கநாதன் தெருவில் நின்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். 250 கிராம் ஆபத்தானது என்று நான் சொல்ல வரவில்லை. ஏழால் பெருக்கினாலும் அது சிறிய எண்தான். ஆனால் வேறொரு நாட்டின் நெருக்கத்தை வைத்து, வேறொரு பண்டிகைக்கால அவசரத்தில் போட்ட கணக்கின் விடையை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். நம் ஊருக்கான கணக்கை யாரும் மறுபடி போட்டுக் காட்டவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

சட்டத்தின் எண் எப்படி ஒரு பொருளை உருவாக்கிவிடும் என்பதற்கு 249 கிராம் ட்ரோன் நல்ல உதாரணம். ஷென்செனைச் சேர்ந்த டிஜேஐ நிறுவனம் 2019 இறுதியில் மாவிக் மினியைக் கொண்டுவந்தது. எடை 249 கிராம். பதிவு எல்லைக்கு ஒரு கிராம் குறைவு. ஜப்பானில் அப்போது எல்லை 200 கிராம். அதனால் அங்கே மட்டும் சின்ன பேட்டரி போட்டு 199 கிராமில் விற்றார்கள். ஜப்பான் அரசு சும்மா இருக்கவில்லை. 2022 ஜூன் முதல் 100 கிராமும் அதற்கு மேலும் உள்ள எல்லாவற்றுக்கும் பதிவு கட்டாயம் என்று எல்லையை இறக்கியது.

இந்தியா இந்த விஷயத்தில் ஆடிய ஊஞ்சல் வேடிக்கையானது. 2014 மே மாதம் மும்பையில் ஒரு பீட்சா கடை ட்ரோனில் பீட்சா அனுப்பிக் காட்டிச் செய்தியானது. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஒரு பொது அறிவிப்பு வெளியிட்டது. விதிகள் வரும்வரை தனியார் எவரும் எந்த நோக்கத்துக்கும் ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிடக் கூடாது என்பதே அதன் சாரம். விதிகள் வர நான்கு ஆண்டு ஆனது. அந்த நான்கு ஆண்டில்தான் ஹெலிகேம் தமிழ்நாட்டுக் கல்யாணங்களுக்குள்ளும் கோயில் கும்பாபிஷேகங்களுக்குள்ளும் நுழைந்தது. சினிமாவில் கிரேனின் வேலையைப் பிடுங்கிக்கொண்டது. அதாவது ஒரு முழுத் தொழிலும் தடைக் காலத்தில் பிறந்து வளர்ந்திருக்கிறது. இன்றும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சட்டம் என்றதும் தோளைக் குலுக்குகிறார்கள் என்றால் அதன் வேர் இங்கேதான்.

2018 டிசம்பர் 1-ல் நடப்புக்கு வந்த முதல் விதிகள் ஒரு தொழில்நுட்பக் கனவோடு வந்தன: 'அனுமதி இல்லையேல் எழும்பாது.' ஒவ்வொரு முறை பறக்கும் முன்பும் டிஜிட்டல் ஸ்கை என்ற இணையத் தளத்தில் அனுமதி கேட்க வேண்டும். அந்தத் தளம் மின்கையொப்பமிட்ட அனுமதிக் கோப்பு ஒன்றை அனுப்பும். ட்ரோனுக்குள் இருக்கும் மென்பொருள் அந்தக் கோப்பைச் சரிபார்க்கும். இல்லையென்றால் மோட்டார் சுற்றவே சுற்றாது. போலீஸ்காரர் தேவையில்லை, வாகனமே தன்னைத் தடுத்துக்கொள்ளும். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த ட்ரோன்களின் மூளையில் அப்படியொரு பூட்டு இல்லை. 2020 ஜனவரியில் அரசு ஒரு பொதுமன்னிப்புத் திட்டம் அறிவித்து, கையில் இருப்பதைத் தாமாக முன்வந்து தெரிவித்தால் ஓர் ஒப்புகை எண் தருவோம், நடவடிக்கை இல்லை என்றது. 2021-ன் விதிகளில் அந்தப் பூட்டு, நேரடிக் கண்காணிப்புக் கருவி, எல்லை தாண்டாமல் தடுக்கும் மின்வேலி ஆகிய மூன்றும் 'பின்னர் அறிவிக்கப்படலாம்' என்ற பட்டியலுக்குப் போய்விட்டன. அறிவித்தால் குறைந்தது ஆறு மாத அவகாசம் உண்டு என்ற ஆறுதலோடு.

2021 இந்தக் கதையில் விசித்திரமான ஆண்டு. மார்ச் 12-ல் ஒரு விதித் தொகுப்பு வந்தது: 25 படிவங்கள், 72 வகைக் கட்டணங்கள். தொழில்துறையில் கூக்குரல் எழுந்தது. ஜூன் 27 அதிகாலை ஜம்மு விமானப்படைத் தளத்தின்மீது ட்ரோன் மூலம் இரண்டு குண்டுகள் வீசப்பட்டன. இனிமேல் கயிறு இறுகும் என்று எல்லாரும் நினைத்தார்கள். மூன்று வாரம் ஆவதற்குள், ஜூலை 14 அன்று, முன்பைவிடத் தளர்வான புதிய வரைவை அரசு வெளியிட்டது. ஆகஸ்டில் அதுவே சட்டமானது. 25 படிவங்கள் ஐந்தாயின. 72 கட்டணங்கள் நான்காயின. பெரிய ட்ரோனின் விமானி உரிமத்துக்கு 3,000 ரூபாயாக இருந்த கட்டணம் 100 ஆனது. அபராதத்தின் உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். தாக்குதல் நடத்துகிறவன் எப்படியும் பதிவு செய்து வரப் போவதில்லை, அவனை நினைத்து மற்ற எல்லாரையும் ஏன் முடக்க வேண்டும் என்ற புரிதல் அதில் இருந்ததாக நான் படிக்கிறேன். இந்திய அதிகார வர்க்கத்தில் அடிக்கடி பார்க்கக் கிடைக்காத நிதானம் அது.

இனி, பதிவு எண்ணின் உள்ளமைப்பு. வண்டிக்கு ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இருப்பதுபோல, ட்ரோனின் அடையாள எண் மூன்று வரிசை எண்களோடு கட்டப்பட்டிருக்கிறது: தயாரிப்பாளர் கொடுத்த ட்ரோன் எண், உள்ளேயிருக்கும் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகையின் எண், கீழே கையில் இருக்கும் ரிமோட்டின் எண். ரிமோட் தண்ணீரில் விழுந்து வேறு வாங்கினால் ஏழு நாளுக்குள் தளத்தில் மாற்றம் தெரிவிக்க வேண்டும். டி-2 படிவம் பதிவுக்கு. விற்றாலும், தம்பிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாலும், உடைந்து ஆற்றோடு போனாலும் டி-3. விமானிச் சான்றிதழுக்கு டி-4. பதிவுக் கட்டணம் 100 ரூபாய். அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவர் தன் பெயரைப் பதிந்து ஒரே எண்ணைத் தன் எல்லா ட்ரோன்களிலும் ஒட்டிக்கொள்ளலாம். ஐரோப்பாவிலும் பெரும்பாலும் இயக்குபவரைத்தான் பதிகிறார்கள். நாம் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகப் பதிகிறோம். ஓட்டுநரைவிட வண்டியைக் கணக்கில் வைத்துப் பழகிய ஆர்.டி.ஓ. அலுவலக மரபு ஆகாயத்துக்கும் ஏறிவிட்டது.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. அந்தக் கல்யாணத் தம்பியின் கதை உண்மையில் இந்த முடிச்சின் கதைதான். பொருளைப் பதிய வேண்டுமென்றால் அந்தப் பொருளின் மாடலுக்கு வகைச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதை வாங்க வேண்டியவர் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர். வாங்கிப் பறக்கவிடுபவர் கையில் ஒன்றுமில்லை. நேனோவுக்கும், படிப்பு, ஆராய்ச்சி, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கு மட்டும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கும் 25 கிலோ வரையிலான 'மாதிரி' ட்ரோன்களுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. பிழைப்புக்காகப் பறப்பவருக்கு விலக்கு இல்லை. 2022 பிப்ரவரி 9 அன்று வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் இன்னொரு கதவையும் மூடியது. முழு ட்ரோனாகவோ, பிரித்துக் கட்டிய துண்டுகளாகவோ வெளிநாட்டு ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு மட்டும் அனுமதி பெற்று வரலாம். உதிரிபாகங்கள் வரத் தடையில்லை. உள்நாட்டுத் தயாரிப்பை வளர்க்க வேண்டும் என்பது நோக்கம். அதற்கு முன்பே 120 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டமும் அறிவித்திருந்தார்கள். நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

விளைவு எப்படி என்று பார்க்கலாம். 2025 தொடக்கத்தில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விவரங்களின்படி நாட்டில் பதிவான ட்ரோன்கள் ஏறத்தாழ 29,500. தமிழ்நாட்டில் 4,500-க்கும் மேல். டெல்லிக்கு அடுத்த இடம். வகைச் சான்றிதழ் பெற்றவை 96 மாடல்கள். அவற்றில் 65 விவசாயத்துக்கானவை. வயலுக்கு மருந்து அடிக்கும் ட்ரோன் வேண்டுமா, தேர்ந்தெடுக்க வரிசை நிற்கிறது. கல்யாணப் பந்தலுக்கு மேலே மிதந்து, நடுங்காமல் படம் எடுக்கும் கைக்கடக்கமான கேமரா ட்ரோனுக்கு? அந்தச் சந்தையைப் பெரும்பாலும் பிடித்து வைத்திருப்பவை இறக்குமதிக்குத் தடை செய்யப்பட்ட வெளிநாட்டு மாடல்கள். 2021 நவம்பர் 30-க்குள் நாட்டுக்குள் வந்து, ரசீதும் ஒப்புகை எண்ணும் இருந்தவற்றுக்கு அந்த ஆண்டுக் கடைசிவரை பதிவு வாய்ப்பு இருந்தது. அதைத் தவறவிட்டவர்களும் அதற்குப் பின் வாங்கியவர்களும் எங்கே போவார்கள்? சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மச்சான் பெட்டியில் கொண்டுவந்தால் சுங்கத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படியும் கடைகளில் ட்ரோன் விற்கிறது, 'பில் இல்லாமல் இவ்வளவு' என்ற கணக்கில். 249 கிராம் என்ற மந்திரம் அங்கே பிறப்பதுதான். சட்டம் எளிதாகிவிட்டது என்ற செய்தி எல்லாரையும் எட்டியது. எளிதான அந்த வாசலுக்குள் அவர்கள் கையிலிருக்கும் பொருள் நுழையாது என்பது மட்டும் எட்டவில்லை.

கேமராவை விட்டு வயலுக்கு வந்தால் காட்சி மாறுகிறது. பத்து லிட்டர் தொட்டியோடு எழும்பும் மருந்து ட்ரோன் ஓர் ஏக்கரைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு, நஞ்சை மூச்சில் இழுத்துக்கொண்டு நாள் முழுக்க நடந்தவர்களுக்கு அது சாதாரண விஷயம் அல்ல. 2023 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை 1,261 கோடி ரூபாயில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் தரும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய், மானியம். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி. இந்தத் திட்டத்துக்குச் சற்று முன்னால் நடந்த ஒரு சிறிய திருத்தம் எனக்கு மிகவும் பிடித்தமானது. விமானிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் பாஸ்போர்ட் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தன் சொந்த நெல் வயலுக்கு மேல் பத்தடி உயரத்தில் பறக்க ஒரு விவசாயி வெளிநாடு போகும் ஆவணத்தைக் காட்ட வேண்டும்! விமானம் என்றால் விமான நிலையம், விமான நிலையம் என்றால் பாஸ்போர்ட் என்று பழகிய ஓர் அலுவலகத்தின் மனம் அதில் தெரிகிறது. 2023 செப்டம்பர் 27-ல் அதை நீக்கி, வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, ஓட்டுநர் உரிமம் போதும் என்று ஆக்கினார்கள். வயது 18 முதல் 65 வரை, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, அங்கீகரிக்கப்பட்ட பள்ளியில் பயிற்சி ஆகிய மற்ற நிபந்தனைகள் நிற்கின்றன. சான்றிதழ் பத்து ஆண்டு செல்லும். அரசுக் கட்டணம் நூறு ரூபாய் என்றாலும் பயிற்சிப் பள்ளிகள் வாங்குவது பல்லாயிரம். மானியத் திட்டத்துக்கு வெளியே இருக்கும் இளைஞருக்கு உண்மையான தடை அந்தப் பல்லாயிரம்தான்.

எங்கே பறக்கலாம் என்பதற்கு ஒரு வரைபடம் இருக்கிறது, 2021 செப்டம்பர் 24-ல் வெளியானது. பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில் 400 அடி உயரம்வரை யாரிடமும் கேட்க வேண்டாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் தூரத்துக்குள் அந்த உயரம் 200 அடியாகக் குறையும். அதற்கு மேலே மஞ்சள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். சிவப்பில் ஒன்றிய அரசு மட்டுமே அனுமதிக்க முடியும். நாட்டின் பெரும்பகுதி பச்சை என்று விமானப் போக்குவரத்து அமைச்சகம் சொன்னது உண்மைதான். ஆனால் கல்யாண மண்டபங்கள் நாட்டின் பெரும்பகுதியில் இல்லை. சென்னையில் மீனம்பாக்கம் விமான நிலையம், பரங்கிமலை ராணுவப் பயிற்சி நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம். வெளியே போனால் தஞ்சாவூரிலும் சூலூரிலும் விமானப்படை, அரக்கோணத்திலும் உச்சிப்புளியிலும் கடற்படை, கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணுமின் நிலையம். தஞ்சைப் பெரிய கோயிலை மேலிருந்து படம் எடுக்க ஆசைப்படாத ஹெலிகேம்காரர் இல்லை. கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஊரில் போர் விமானத் தளமும் இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்காமல் ரிமோட்டைத் தொடக் கூடாத ஊர்களில் அதுவும் ஒன்று.

நாளுக்கு நாள் மாறும் சிவப்பும் உண்டு. எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி ஒருவர், ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமாக ஒரு தடவைக்கு 96 மணி நேரம்வரை அறிவிக்கலாம். அதை இணைய வரைபடத்தில் காட்ட வேண்டும், பரப்பு நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. 'பிரதமர் வருகை: ட்ரோன்கள் பறக்கத் தடை' என்று மாவட்ட நிர்வாகமோ காவல் துறையோ அறிவிப்பதை நாமெல்லாம் நாளிதழில் படித்திருக்கிறோம். பறக்கவிடுபவர் வரைபடத்தையும் பார்க்க வேண்டும், காலைப் பேப்பரையும் பார்க்க வேண்டும்.

இவ்வளவு எழுதியும் ஒரு தரப்பு இந்தக் கட்டுரைக்குள் வரவே இல்லை. ட்ரோனுக்குக் கீழே இருப்பவர். மாடியில் துணி உலர்த்துகிறவர், கிணற்றடியில் குளிக்கிறவர். விதிகளைத் திறந்து பார்த்தால் ட்ரோனின் எடை, எண், உயரம், ஓட்டுபவரின் வயது எல்லாம் இருக்கின்றன. அது எதைப் பார்க்கிறது என்பதற்கு அங்கே இடம் இல்லை. 2021 மார்ச்சில் வந்து ஆகஸ்டில் போன தொகுப்பில் பிறருடைய தனியுரிமையைக் காக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. எளிமைப்படுத்தியபோது அதுவும் சேர்ந்து கழிந்துவிட்டது. எத்தனை உயரத்துக்குக் கீழே வரக் கூடாது என்றும் விதி சொல்வதில்லை, உச்சவரம்பு மட்டும்தான்.

இது ட்ரோனோடு வந்த பிரச்சினை இல்லை. 1934-ன் விமானச் சட்டமே, நியாயமான உயரத்தில் விமானம் பறப்பதை மட்டும் காரணமாக வைத்து அத்துமீறல் என்றோ தொல்லை என்றோ சிவில் வழக்குப் போட முடியாது என்று எழுதி வைத்தது. நியாயமான உயரம் எது என்று அன்று யாரும் கவலைப்படவில்லை. கூரைக்கு மேல் இருபதடியில் நின்று பார்க்கும் விமானம் அன்று இல்லை. அமெரிக்காவில் 1946-ல் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம்வரை போனது, கோழிகளால். வட கரோலினாவில் காஸ்பி என்பவரின் கோழிப் பண்ணைக்கு மேல், வீட்டுக் கூரையிலிருந்து 67 அடி உயரத்தில் ராணுவ விமானங்கள் இறங்கின. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன, பண்ணை நொடித்தது. நிலத்துக்குச் சொந்தக்காரன் அதற்கு நேர் மேலே வானம் முழுவதற்கும் சொந்தக்காரன் என்ற பழைய கோட்பாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் நிலத்தை அனுபவிக்கத் தேவையான அளவு ஆகாயம் அவருடையதுதான் என்று தீர்ப்பளித்து இழப்பீட்டுக்கு வழிசெய்தது. நம் நாட்டில் தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒரு பெண்ணை அவர் அறியாமல் அந்தரங்க நிலையில் படம் எடுப்பது குற்றவியல் சட்டப்படி தண்டனைக்குரியது. ட்ரோனால் எடுத்தாலும் அதே குற்றம்தான். ஆனால் அந்த எல்லையைத் தொடாத வெறும் வேவுக்கு, அடுத்த வீட்டு மாடிக்கு மேல் தினமும் வந்து நிற்கும் ட்ரோனுக்கு, ட்ரோன் விதிகளில் பதில் இல்லை. காவல் நிலையத்துக்குப் போனால் எந்தப் பிரிவில் எழுதுவது என்று அவர்கள்தான் நம்மைக் கேட்பார்கள்.

விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குறைந்தபட்சம் ஒரு வழி இருக்கிறது. நேனோ அல்லாத ட்ரோன்களுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதற்கு மோட்டார் வாகனச் சட்டம் பொருந்தும். பஸ் மோதினால் என்ன முறையோ அதே முறை. விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். பதிவே இல்லாத ட்ரோனுக்குக் காப்பீடு எப்படி வரும் என்று கேட்டால், மறுபடி அந்த முடிச்சுக்குத்தான் வந்து நிற்போம்.

1934-ன் சட்டம் 2025 ஜனவரி 1-ல் விடைபெற்றது. அதன் இடத்தில் இருப்பது பாரதிய வாயுயான் அதினியம் என்ற, தமிழ் நாக்கு சற்றுத் தடுமாறும் பெயர் கொண்ட சட்டம். 2025 செப்டம்பரில் ட்ரோன்களுக்கென்றே தனி மசோதா ஒன்றின் வரைவை மக்கள் கருத்துக்காக அமைச்சகம் வெளியிட்டது. அதில் சில மீறல்களுக்குச் சிறைத் தண்டனையும், ட்ரோனைக் கைப்பற்ற காவல் துறைக்கு அதிகாரமும் இருக்கின்றன. 2021-ல் பார்த்த நிதானம் இதில் தெரியவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பறப்பவர் மீது கடுமை காட்டட்டும், யார் வேண்டாம் என்றது? பிரிட்டனின் காட்விக் விமான நிலையம் 2018 டிசம்பரில், ட்ரோன் தென்பட்டதாக வந்த தகவல்களாலேயே மூன்று நாள் தடுமாறி, சுமார் 1,000 விமானங்கள் பாதிக்கப்பட்டதை எல்லாரும் பார்த்தோம். ஆனால் பதிவு செய்ய வழியே இல்லாத ஒரு பொருளை வைத்துப் பிழைக்கும் தொழிலாளியையும் அதே கம்பிக்குள் கொண்டுவருவது தவறு.

அந்த மசோதா நாடாளுமன்றத்துக்குப் போகும் முன் அரசு ஒரு காரியம் செய்ய வேண்டும். நாட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் கேமரா ட்ரோன்கள் அனைத்தையும், எப்படி வந்தவை என்ற கேள்வியை ஒருமுறை மட்டும் ஒதுக்கிவைத்து, வரி வாங்கிக்கொண்டு, காப்பீடு எடுக்கச் சொல்லி, நூறு ரூபாயில் பதிந்துகொள்ள வேண்டும். முன்மாதிரி அவர்களிடமே இருக்கிறது. 2020 ஜனவரியின் பொதுமன்னிப்பு வாசல் திறந்திருந்தது மூன்று வாரத்துக்கும் குறைவான காலம். கும்பகோணத்து வீடியோக்காரர் காதுக்கு அது வருவதற்குள் மூடிவிட்டார்கள். இந்த முறை ஆறு மாதமாவது திறந்து வையுங்கள், அறிவிப்பைத் தமிழிலும் போடுங்கள்.